மலிவும் மதிப்பும்: ஒரு கைத்துப்பாக்கியை எடைபோடுவது எவ்வாறு?

புணே நகரின் வடமேற்குப் பகுதியில், முளா நதியை அடுத்து அமைந்துள்ளது ஔந்த். இதற்குக் கிழக்கே கட்கியும், தெற்கே பாஷாணும் உள்ளன. கட்கியில் 1869-ஆம் ஆண்டு முதல் தோட்டாத் தொழிற்சாலை ஒன்று இயங்கி வருகிறது. பாஷாணில், 1958-இல் தோன்றிய படைக்கல ஆராய்ச்சி, வளர்ச்சி நிலையம் இருக்கிறது. துப்பாக்கியை வகுப்பவர்களும், அதற்குரிய தோட்டாவைச் செய்பவர்களும் சில கல் தொலைவுக்குள் வாழும் இவ்வட்டாரத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டால், ஒரு பழைய கேள்வியை எளிதில் ஆராயலாம். மலிவான ஓர் ஆயுதத்தை நம்பலாமா? நம்பலாம் எனின், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது?

இக்கேள்வி படைவீரருக்கு மட்டும் உரியதன்று. இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் இரவுக் காவல் செல்லும் போலீஸ் அதிகாரிக்கும், ஆயுதம் தாங்கிக் காட்டில் திரியும் வனக் காவலருக்கும் இது உயிரைப் பற்றிய கேள்வியாகும். துப்பாக்கியைக் கையாளாதவருக்கோ, குறைந்த விலைக் கருவி எதனையும் எடைபோடும் முறையைக் கற்பிக்கும் பாடமாக இது அமையும்.

2021-ஆம் ஆண்டு ஜனவரியில், 'அஸ்மி' என்னும் 9 மில்லிமீட்டர் இயந்திரக் கைத்துப்பாக்கி நாட்டுக்கு அறிமுகம் செய்யப்பட்டது. மௌ நகரிலுள்ள காலாட்படைப் பள்ளியும், பாஷாண் நிலையமும் சேர்ந்து நான்கு மாதங்களில் இதனை உருவாக்கின. மேற்கூடு விமானத் தரமுடைய அலுமினியத்தாலும், கீழ்க்கூடு கார்பன் இழையாலும் ஆனவை. விசைப் பகுதிகளைச் செய்வதில் உலோக முப்பரிமாண அச்சுமுறை பயன்படுத்தப்பட்டது. ஒன்றின் உற்பத்திச் செலவு 50,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று அரசின் அறிவிப்புக் கூறிற்று. 2024-இல் இந்திய இராணுவத்தின் வடக்குக் கட்டளைப் பிரிவு இவற்றில் 550-ஐ ஏற்றது.

அஸ்மி தொடர்ச்சியாகவும் சுடவல்லது. ஆகவே, ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி வகையினின்றும் அது சற்று வேறுபட்டது. எனினும், விலையை முன்னிறுத்தி ஓர் ஆயுதம் அறிமுகமாகும்போது எழும் ஐயம் இரண்டுக்கும் ஒன்றே. விலை செய்தித்தாளில் வருகிறது. அதனை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை குண்டுகள் சுடப்பட்டன, எத்தனை முறை தடை நேர்ந்தது என்பன பெரும்பாலும் வெளிவருவதில்லை. ஆயினும் ஆயுதத்தின் மதிப்பை முடிவு செய்பவை இவ்விரண்டாவது வகை எண்களே ஆகும்.

தடை எங்கே பிறக்கிறது?

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒரு சிறு வெப்ப யந்திரமே. 9 மில்லிமீட்டர் தோட்டாவில் மருந்து எரியும்போது, குழலினுள் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப் போல் 2,000 மடங்குக்கு மேல் உயரும். ஏழெட்டுக் கிராம் எடையுள்ள குண்டு முன்னே பாய, அதற்கு ஈடான உந்தம் பின்னோக்கிச் செயற்படுகிறது. பிரவுனிங் முறையில், குழலும் அதன்மேல் அமர்ந்த ஸ்லைடும் பூட்டிய நிலையில் சிறு தூரம் ஒன்றாகப் பின்னே நகரும். அழுத்தம் தணிந்தபின் குழல் சாய்ந்து பூட்டு விடுபடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து செல்லும். அதிலுள்ள கொக்கி வெற்றுக் கூட்டை இழுத்து வர, ஒரு முனை அதனைத் தட்டி வெளியே எறிகிறது. பின்னர்ச் சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, அது மேகசீனிலிருந்து அடுத்த தோட்டாவைப் பெயர்த்துக் குழலுக்குள் செலுத்துகிறது. இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்து விடுகின்றன.

இத்தொடரில் ஒரு கண்ணி பிசகினும் ஆயுதம் நின்றுவிடும். தோட்டாவின் மருந்து வலுவற்றிருந்தால் ஸ்லைடு போதிய தூரம் பின்வாங்காது. கொக்கி தேய்ந்திருந்தால் வெற்றுக் கூடு வெளிவராது. மேகசீனின் உதடுகள் வளைந்திருந்தால் தோட்டா கோணலாக ஏறும். சுடுபவரின் மணிக்கட்டுத் தளர்ந்திருந்தாலும், பின்னோக்கிய ஆற்றலில் ஒரு பகுதி கையிலேயே கழிந்து, தடை நேரலாம். ஆகவே நம்பகம் என்பது துப்பாக்கிக்கு மட்டும் உரிய குணமன்று. துப்பாக்கி, தோட்டா, மேகசீன், மனிதர் ஆகிய நான்கும் சேர்ந்த அமைப்பின் குணமாகும்.

இவ்வுண்மைக்கு அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. இராக் போரில் அமெரிக்கப் படையினர் வைத்திருந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகள் சிலவற்றில் அடிக்கடி தடை நேர்ந்தது. ஆராய்ந்தபோது, மலிவாக வேறிடத்தில் வாங்கிய மேகசீன்களின் சொரசொரப்பான மேற்பூச்சில் பாலைவன நுண்மணல் ஒட்டிக்கொண்டது தெரிந்தது. துப்பாக்கியில் குற்றமில்லை, துணைப் பொருளில் மிச்சம் பிடித்த சிறு தொகை அதன் பெயரைக் கெடுத்தது. 1999-இல் கார்கில் மலைகளில், இந்தியப் படையினரின் இன்சாஸ் துப்பாக்கிகளின் பிளாஸ்டிக் மேகசீன்கள் கடுங்குளிரில் விரிசல் கண்டன. சமவெளியின் வெப்பத்தில் தேறிய பொருள் பனியில் தேறும் என்பதற்கு உறுதியில்லை.

இருநூறு குண்டுகளின் சாட்சி

ஒருவர் புதுத் துப்பாக்கியை வாங்கி, இருநூறு குண்டுகள் சுட்டுப் பார்த்து, ஒரு தடையும் நேரவில்லை என்கிறார். கேட்பவர் அதனை நல்ல சான்றாகவே கொள்வர். கணிதமோ இவ்வளவு எளிதில் திருப்தி அடைவதில்லை.

தடையின்றி முடிந்த சோதனைகளை மதிப்பிட எளிய விதி ஒன்று உண்டு. மூன்றை, செய்த சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தடையின் விகிதம் அதற்கு மேல் இராது என்று 95 சதவிகித உறுதியுடன் கூறலாம். இருநூறு குண்டுகளுக்கு இது 200-இல் 3. அதாவது, ஏறத்தாழ 67-இல் 1. அத்துப்பாக்கி உண்மையில் மிகச் சிறந்ததாகவும் இருக்கலாம். 67 குண்டுகளுக்கு ஒருமுறை நின்றுவிடுவதாகவும் இருக்கலாம். இருநூறு குண்டுகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டமாட்டா. அத்தகைய தடை விகிதமுள்ள கைத்துப்பாக்கியில் 13 தோட்டாக்கள் கொண்ட மேகசீனைச் சுட்டு முடிப்பதற்குள் தடை நேரும் வாய்ப்பு, ஏறத்தாழ ஆறில் ஒன்றாகும். ஆபத்து வேளையில் இத்தகைய ஆயுதத்தை ஒருவர் கையில் கொடுப்பது முறையன்று.

இரண்டாயிரத்தில் ஒன்றுக்கு மேல் தடை இராது என்று அதே உறுதியுடன் கூற வேண்டுமானால், 6,000 குண்டுகளைத் தடையின்றிச் சுட வேண்டும். வரலாற்றில் இதே எண் ஒருமுறை வந்துள்ளது. 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் தனக்கொரு கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க நடத்திய இறுதிச் சோதனையில், பிரவுனிங் வகுத்த கோல்ட் கைத்துப்பாக்கி 6,000 குண்டுகளை ஒரு தடையுமின்றிச் சுட்டது. அதனோடு போட்டியிட்ட சாவேஜ் கைத்துப்பாக்கியில் 37 பிழைகள் நேர்ந்தன. பிரவுனிங்கின் வகுப்பு அவ்வாண்டே ஏற்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் சேவையில் இருந்தது. எனினும், அச்சோதனையிலும் ஒரு குறை உண்டு. ஒரு துப்பாக்கி 6,000 குண்டுகள் சுட்டது, அந்த ஒரு துப்பாக்கியைப் பற்றியே உறுதி தருகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஆயிரமாவது துப்பாக்கியைப் பற்றி அது நேராக ஒன்றும் சொல்வதில்லை. ஒரே அச்சில் வார்த்த பொருள்களிலும் ஏற்றத்தாழ்வு இருக்கும். விலை குறையக் குறைய, இந்த ஏற்றத்தாழ்வு வளர இடமுண்டு. ஆகவே பல துப்பாக்கிகளைத் தற்செயலாகப் பொறுக்கியெடுத்துச் சோதிப்பதும், அவற்றுள் சிலவற்றைத் தேய்ந்து ஓயும்வரை சுட்டுப் பார்ப்பதும் ஆகிய இரண்டுமே வேண்டும்.

வெடித்துச் சிதறாது என்பதற்கான சோதனை வேறு, தடையின்றி இயங்கும் என்பதற்கான சோதனை வேறு என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஐரோப்பிய விதிகளின்படி, கைத்துப்பாக்கிகளை வழக்கமான உச்ச அழுத்தத்தினும் 30 சதவிகிதம் மிகுந்த அழுத்தமுடைய தோட்டாக்களால் சுட்டுப் பார்த்து முத்திரை இடுவர். அம்முத்திரை பாதுகாப்புக்குச் சான்று, நம்பகத்துக்குச் சான்றன்று. சந்தையில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஏமாறுவோர் பலர்.

மலிவு எங்கிருந்து வந்தது?

இவ்வாறு கூறுவதால், மலிவான ஆயுதங்கள் யாவும் தாழ்ந்தவை என்பது பொருளன்று. விலை குறைவதற்கு மூன்று வழிகள் உண்டு: வகுப்பை எளிதாக்குவது ஒன்று, செய்முறையை மாற்றுவது மற்றொன்று, பொருளின் தரத்தையும் சோதனையையும் குறைப்பது மூன்றாவது. முதலிரண்டும் அறிவால் வந்த சிக்கனம். மூன்றாவது, செலவைத் தயாரிப்பவர் தலையிலிருந்து பயன்படுத்துபவர் தலைக்கு மாற்றுவதாகும்.

1930-களில் ரஷ்யாவில் தோகரேவ் வகுத்த கைத்துப்பாக்கி முதல் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது பிரவுனிங்கின் முறையை எளிதாக்கிச் செய்யப்பட்டது. சுத்தியலும் அதனைச் சார்ந்த பகுதிகளும் ஒரே தொகுதியாகக் கழற்றி எடுக்கத்தக்கவாறு அமைந்தன. மேலும், தோட்டாவை வழிநடத்தும் உதடுகளை மெல்லிய தகட்டு மேகசீனிடம் மட்டும் விட்டுவிடாமல், கழற்றத்தக்க அத்தொகுதியிலேயே கடைந்து அமைத்தார் தோகரேவ். மேகசீன் சற்று நசுங்கினாலும் தோட்டா நேராக ஏறும். விலையும் குறைந்தது, நம்பகமும் கூடியது.

1941-இல் இங்கிலாந்து அவசரமாகச் செய்த ஸ்டென் துப்பாக்கியோ இரண்டாம் வழிக்கு எடுத்துக்காட்டு. தகட்டை அழுத்தியும் பற்றவைத்தும் சில பவுன் செலவில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட அது, போரின் தேவையை நிறைவேற்றிற்று. ஆனால் இரு வரிசையாக நிறையும் தோட்டாக்கள் ஒற்றை வரிசையாகக் குறுகும் அதன் மேகசீன், எப்போதும் அதன் பலவீனமாகவே இருந்தது. 32 தோட்டாக்கள் கொள்ளும் மேகசீனில் இரண்டு மூன்று குறைத்தே நிரப்ப வீரர்கள் பழகிக் கொண்டனர். ஆயுதமே இல்லாமையைவிடக் குறையுள்ள ஆயுதம் மேல் என்னும் நிலையில் அத்தேர்வு நியாயமே. அமைதிக் காலத்தில், ஆண்டுக் கணக்கில் திட்டமிட்டு வாங்கும் அரசாங்கத்துக்கு அந்நியாயம் பொருந்தாது.

இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிய 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, மேற்கு வங்காளத்து ஈஷாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் இங்கிலிஸ் நிறுவனம் செய்த பிரவுனிங் வகையே அதற்கு மூலம். பழைய, தேர்ந்த வகுப்பு என்பதால் அதன் குணமும் குற்றமும் எல்லோரும் அறிந்தவை. புதிய வகுப்புக்கு அத்தகைய முன்வரலாறு கிடையாது. அதனிடம் சோதனைக் கணக்கை மிகுதியாகக் கேட்பது அவநம்பிக்கையாகாது. வரலாற்றின் இடத்தைச் சோதனை நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதே காரணம்.

விலைப்பட்டியலில் வராத செலவு

இரண்டு கைத்துப்பாக்கிகளைக் கற்பனை செய்க. ஒன்றின் விலை 40,000 ரூபாய். மற்றதன் விலை 70,000 ரூபாய். பயிற்சிக்காக ஆண்டுக்கு 1,000 குண்டுகள் வீதம் பத்தாண்டுகள் சுடப்படுவதாகவும், ஒரு தோட்டா 50 ரூபாய் என்றும் கொண்டால், தோட்டாக்களுக்கு மட்டும் 5 இலட்சம் ரூபாய் ஆகும். 30,000 ரூபாய் வித்தியாசம், இம்மொத்தச் செலவின் முன் சிறு பகுதியே. மலிவானது 5,000 குண்டுகளிலேயே தேய்ந்து போனால், இன்னொன்று வாங்க வேண்டி வரும். அப்போது மலிவு என்னும் பெயரும் போய்விடும். மாறாக அதுவும் 10,000 குண்டுகளைத் தாங்குமாயின், மிஞ்சிய 30,000 ரூபாயைக் கொண்டு மேலும் 600 தோட்டாக்கள் வாங்கிப் பயிற்சி தரலாம்; அவ்வாறாயின் மலிவானதே சிறந்த தேர்வாகும். எது உண்மை என்பதை விலைப்பட்டியல் கூறாது. சோதனை மட்டுமே கூறும்.

இங்கே ஒரு தடை எதிர்ப்படுகிறது. மேற்கண்ட விலையில், 6,000 குண்டுகள் சுட்டுச் சோதிக்க 3 இலட்சம் ரூபாய் வேண்டும். தனி மனிதராலோ, ஒரு சிறு மாவட்ட அலுவலகத்தாலோ இது இயலாத காரியம். ஆகவே இச்சோதனை பொது நிறுவனங்களின் கடமையாகிறது. ஒருமுறை செய்து முடிவை வெளியிட்டால், வாங்குவோர் அனைவருக்கும் அது பயன்படும்.

வெளியிடுவதில் ஆபத்துண்டு என்று சிலர் கூறுவர். ஆயுதத்தின் குறையைப் பகைவன் அறிந்துகொள்வான் என்பது அவர்கள் அச்சம். இது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், அமெரிக்க இராணுவம் 2017-இல் தேர்ந்த புதிய கைத்துப்பாக்கியைப் பற்றி, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு 2018 ஜனவரியில் வெளியிட்ட ஆண்டறிக்கை கூறியவற்றைக் காண்க. கீழே விழச் செய்து பார்த்த சோதனையில் அது தானே வெடிக்கக்கூடும் என்று கண்டதையும், விசைப் பகுதிகளை மாற்றி அக்குறையை நீக்கியதையும், ஒருவகைத் தோட்டாவைவிட மற்றொரு வகையால் மிகுதியான தடைகள் நேர்ந்ததையும் அது ஒளிக்காமல் எழுதிற்று. இவ்வறிக்கையால் பகைவர் அடைந்த நன்மையினும், அதனைக் கையில் ஏந்தும் வீரர் அடைந்த நன்மை பெரிதென்றே கருதவேண்டும். மறைத்து வைத்த குறை பகைவனுக்குத் தெரியாமற் போகலாம். பயன்படுத்துபவருக்கு அது தெரியவரும் வேளையோ, எல்லா வேளைகளிலும் கொடியது.

ஆகவே, போலீஸ், வனத் துறை போன்றவற்றுக்கு ஆயுதம் வாங்குவோர், விலையோடு ஐந்து விவரங்களையும் கேட்டுப் பெறுவது நலம். எத்தனை துப்பாக்கிகள் சோதிக்கப்பட்டன? ஒவ்வொன்றிலும் எத்தனை குண்டுகள் சுடப்பட்டன? எந்தத் தொழிற்சாலையின் எவ்வகைத் தோட்டா? வெப்பம், குளிர், தூசி, ஈரம் ஆகியவற்றுள் எவை சோதனையில் இடம்பெற்றன? எத்தனை தடைகள் நேர்ந்தன, அவை எவ்வகையின? இவ்வைந்துக்கும் விடையளிக்காத மிகக் குறைந்த விலையை மிகக் குறைந்த விலையாகக் கணக்கிடலாகாது. அந்த விலைக்குள் இன்னும் அறியப்படாத செலவு ஒன்று ஒளிந்திருக்கிறது.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

இக்கருத்தை மாணவருக்கு விளக்க, ஆசிரியருக்கு இரண்டு பகடைகள் போதும். இரண்டும் ஒருசேர ஆறு விழுந்தால் அதனைத் தடை என்று கொள்க. இதன் வாய்ப்பு 36-இல் 1. ஒவ்வொரு மாணவரும் பகடைகளை 50 முறை உருட்டித் தடைகளை எண்ணட்டும். ஏறத்தாழ நான்கில் ஒரு மாணவருக்கு ஒரு தடையும் நேராது. அவர் தம் கருவி குற்றமற்றது என்று உறுதியாகக் கூறுவார். இரண்டு மூன்று தடைகளைக் கண்ட மாணவரோ, அது பயனற்றது என்பார். இருவரும் பொய் கூறவில்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரே தன்மையுள்ள கருவிதான். வகுப்பு முழுவதன் எண்ணிக்கையையும் கூட்டிக் கரும்பலகையில் எழுதும்போதுதான், 36-இல் 1 என்னும் உண்மை மெல்ல வெளிப்படும். ஒருவர் அனுபவம் எவ்வளவு நேர்மையானதாயினும், அது பலருடைய கணக்குக்கு ஈடாகாது என்பதைச் சிறுவர் இதனால் தாமே கண்டுகொள்வர்.

களப் பணியாளர்க்கும் இதே முறை உதவும். மருந்து தெளிக்கும் பம்பு, மழைமானி, மண் சோதனைப் பெட்டி ஆகிய எதனையும் அண்டை ஊரார் ஒருவரின் புகழ்ச்சியையோ வசையையோ கொண்டு முடிவு செய்யாமல், எத்தனை கருவிகள், எத்தனை நாள்கள், எத்தனை பழுதுகள் என்று குறிப்பேட்டில் பதிந்து வருவார்களாயின், அடுத்த முறை வாங்கும்போது அக்குறிப்பேடே தக்க ஆலோசகராகும். பழுதுற்றபோது மட்டும் எழுதுவது போதாது. பழுதின்றி இயங்கிய நாள்களையும் எழுத வேண்டும். அவையின்றி விகிதம் கிடைக்காது.

பாஷாணில் வகுக்கப்படும் படைக்கலமும், கட்கியில் உருவாகும் தோட்டாவும் ஔந்திலுள்ளவரின் கண்ணுக்கு அருகில் பிறந்தாலும், அவை பயன்படுமிடம் தொலைவிலுள்ள பனிமலையாகவோ, மழைக்காடாகவோ இருக்கும். அங்கே அவற்றை ஏந்தி நிற்பவர், அவற்றின் விலையைக் கேட்பதில்லை. விசையை அழுத்தும்போது அது வேலை செய்யும் என்னும் உறுதியையே அவர் வேண்டுகிறார். மலிவாகச் செய்யும் திறமை இந்நாட்டுக்கு வந்துவிட்டது என்பது பெருமைக்குரியதே. அத்திறமையோடு சோதனைக் கணக்கை வெளிப்படையாக வைக்கும் வழக்கமும் சேருமாயின், மலிவு என்னும் சொல்லைக் கேட்டு அவர் அஞ்ச வேண்டியதில்லை.